கடற்படை பீன்ஸ் எங்கே கிடைக்கும், சித்தப்பா

ஜவ்வாது மலை,
ஞாயிறு, இரவு பதினொன்றே முக்கால்.

பெருமதிப்புக்குரிய தங்கவேல் சித்தப்பா அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் சிவசங்கரி பணிவுடன் எழுதுவது.

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். பாப்பா இப்போதுதான் என் இடது கையைத் தலையணையாக்கிக்கொண்டு தூங்கியிருக்கிறாள், நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். இங்கே நான், அவர், பாப்பா, மாமனார், மாமியார் எல்லோரும் நலம். நலம் என்று எழுதும்போதே பேனா கொஞ்சம் திக்குகிறது, காரணம் கீழே வருகிறது. அங்கே வேலூரில் நீங்கள், ராணியம்மாள் சித்தி, சித்தியின் முழங்கால் எல்லாம் சுகந்தானே? போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஏழு கேள்வி கேட்டு அனுப்பினேன், பதிலுக்கு ‘இனிய காலை வணக்கம்’ என்று ஒரு ரோஜாப்பூ வந்தது. மறுபடி கேட்டேன், இரண்டு ரோஜாப்பூ வந்தது. கடிதம் என்றால் நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பீர்கள் என்று அம்மா சொன்னாள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நாளைக்குக் காலை ஏழு மணி பஸ்ஸில் செங்கத்துக்கு இறங்கி ரத்தம் கொடுக்க வேண்டும். மாசமாக இருந்தபோது வந்த சுகர், பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்றார்கள். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இப்போது செருப்பை எடுத்துக் கடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், சுகர் மட்டும் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் பார்த்துவிட்டு, “சராசரி ஏழரை வந்திருக்கு. சாப்பாட்டைச் சரிபண்ணுங்க, மூணு மாசம் டைம். ஆறரைக்குக் கீழ வந்தா மாத்திரை இல்லாமப் பார்ப்போம், வரலைன்னா ஆரம்பிச்சுடலாம்” என்றார். கூட வந்திருந்த மாமியாருக்கு அதில் காதில் விழுந்தது ‘ஏழரை’ மட்டும்தான். “நான் அப்பவே சொன்னேன், இதுக்கு ஜாதகத்தைக் காட்டுங்கன்னு” என்று அங்கேயே சொல்லிவிட்டு, அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை தோறும் என் பேரில் எள் விளக்கு போடுகிறார். விளக்கு போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தட்டில் என்ன போடுவது என்று யாராவது சொல்ல வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் அனுப்பிய அட்டை வந்தது.

சித்தப்பா, உங்கள் அன்பை நான் குறை சொல்லவே மாட்டேன். விஷயம் கேள்விப்பட்ட நாலாம் நாளே இன்டர்நெட்டில் தேடி, கலரில் பிரின்ட் போட்டு, லேமினேஷன் செய்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து மலைவரைக்கும் அனுப்பி வைத்தீர்கள். மின்சார வாரியத்தில் ரிட்டயர் ஆனபிறகும் இத்தனை சுறுசுறுப்பு யாருக்கு வரும். ‘நீரிழிவு நோயாளிகளுக்கான பீன்ஸ் மற்றும் மாவுச்சத்து உணவுகள்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் ‘தமிழாக்கம்: தங்கவேல்’ என்றும் போட்டிருந்தீர்கள். அந்தத் தமிழாக்கத்தைச் செய்தது நீங்களா, உங்கள் போனா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

அட்டையின் முதல் வரி, ‘மாவுச்சத்து உணவுகள் தட்டில் கால் பங்கு மட்டும்’. நல்ல வரிதான், தப்பே இல்லை. ஆனால் எங்கள் மாமனார் இந்த மலையில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். அட்டையைக் கையில் வாங்கி, கடைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, அன்றைக்கே மாவு மிஷினுக்கு என்னைப் போகக் கூடாது என்றார். இட்லி இல்லை, தோசை இல்லை, கேழ்வரகுக் களி இல்லை. அதற்குப் பதிலாக மதியம் ஒரு குண்டான் உருளைக்கிழங்கும், சாயந்திரம் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், ராத்திரி சோறும். “மாமா, உருளைக்கிழங்குலயும் மாவுச்சத்துதான் இருக்கு” என்றேன். “இன்னாம்மா பேசற? அது கிழங்கு. மாவுன்னா வேற, கிழங்குன்னா வேற. இந்த ரெண்டும் ஒண்ணுன்னா நான் எதுக்கு ரெண்டு மூட்டையா வெச்சிருக்கேன்?” என்றார். “அப்போ சோறு?” என்றேன். “அரைச்சாத்தான் மாவு. அரைக்காத வரிக்கும் அது அரிசி” என்று முடித்துவிட்டார். மூன்றாம் நாள் விரலைக் குத்திப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், சும்மா இருப்பேனா? நிரூபித்துக் காட்டுகிறேன் என்று காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்தை எடுத்துவந்து, எல்லோர் எதிரிலும் வெட்டிய உருளைக்கிழங்கில் இரண்டு சொட்டு விட்டேன். கிழங்கு கருநீலமாக மாறியது. “பார்த்தீங்களா” என்று நான் நிமிர்வதற்குள் மாமியார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். “கெழங்குல வெஷம் கீதுடி. நீலம் பாரிச்சிப் போச்சு பாரு” என்று அவர் பக்கத்து வீட்டில் சொல்ல, அவர்கள் அடுத்த தெருவில் சொல்ல, பொழுது சாய்வதற்குள் எட்டுப் பேர் வாங்கிய உருளைக்கிழங்கைத் திருப்பிக் கொண்டுவந்து கடையில் கொட்டிவிட்டார்கள். நான் சோற்றிலும் இரண்டு சொட்டு விட்டுக் காட்டியிருக்கக் கூடாது. அது என் தப்பு. மாமனார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, அயோடின் புட்டியைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கிழங்கு மட்டும் அன்றோடு என் தட்டிலிருந்து போனது.

அது ஓய்ந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் மாமியார், அட்டையில் எழுத்து பொடியாக இருக்கிறது என்று சொல்லித் தன் மகனைப் படிக்கச் சொன்னார். உங்கள் மாப்பிள்ளை அருளைப் பற்றித்தான் தெரியுமே, லோடு வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டே, செய்தி வாசிக்கிற குரலில், “சிறுநீரக பீன்ஸ், அரை கப், தினமும்” என்று படித்தார். “சிறுநீரகம்னா கிட்னிதானே?” என்று மாமியார் கேட்டிருக்கிறார். “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு இவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் குளித்துவிட்டு வந்தால் மாமியார் அம்மிக்கல் மேல் உட்கார்ந்து அழுகிறார். “கிட்னி வரிக்கும் போய்ட்டு இருக்குது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் இன்னா அந்நியமா?” என்கிறார். அது ராஜ்மா, வடக்கே சாப்பிடுகிற சிவப்புக் கொட்டை, கிட்னி மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். “துன்ற பொருளுக்கு எவனாச்சும் கிட்னின்னு பேர் வெப்பானா? என்னை ஏமாத்தாத” என்றார். சாயந்திர பஸ்ஸிலேயே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்களா, அதுவும் இல்லை. சீப்புச் சீப்பாக வாழைப்பழம், கிரீம் பிஸ்கட், பலாச்சுளை, ஒருவர் மலைத்தேன் ஒரு பாட்டில். நோயாளி என்றால் பழம்தானே கொண்டுவருவார்கள். சுகர்காரிக்கு முன்னால் இத்தனை சர்க்கரையையும் அடுக்கிவைத்துவிட்டு, “சாப்புடும்மா, தெம்பு வேணும்” என்று கண்கலங்கினார்கள். கண்ணமங்கலத்திலிருந்து அம்மா போன் செய்து, “எனக்கு ரெண்டு இருக்குது, ஒண்ணு எடுத்துக்கோ, உங்கப்பாகிட்ட சொல்ல வேணாம்” என்று மெதுவாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பிறகு ரொம்ப நேரம் தூக்கமும் வரவில்லை. சித்தி காதுக்கும் இந்தச் செய்தி வந்திருக்கும். என் கிட்னி இரண்டும் பத்திரமாக இருக்கின்றன என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இனி வருவதுதான் பெரியது. அட்டையில் நாலாவது வரி, ‘கடற்படை பீன்ஸ், மிகவும் நல்லது’. இங்கிலீஷில் ‘நேவி பீன்ஸ்’ என்று ஏதோ ஒரு வெள்ளைப் பயறின் பெயர் இருந்திருக்கும். கடையில் இல்லாத பொருள் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது எங்கள் மாமனாரின் கட்சி. பல்லி விழுந்த பலன் புத்தகம் முதல் பம்புசெட் வாஷர் வரைக்கும் வைத்திருப்பவர். அவருக்குத் தெரியாத ஒரு பயறு, அதுவும் மிகவும் நல்லதாம், அதுவும் மருமகளுக்காம். சாப்பாடு இறங்கவில்லை மனுஷனுக்கு. மறுநாளே மலையிறங்கி, கண்ணமங்கலத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சந்திரன் வீட்டுக்குப் போய்விட்டார். மிலிட்டரி கேண்டீனில் வாங்கித் தரச் சொல்லி. அவரோ, “அண்ணே, நான் இருந்தது தரைப்படை. ராஜஸ்தான் மணல்ல ரொட்டி துன்னவன். கப்பல்ல இருக்கிறவன் இன்னா துன்றான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?” என்றிருக்கிறார். மாமனார் திரும்பி வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தி, “ரகசியம் போலக்கீதும்மா. பட்டாளத்துக்காரனே வாயைத் தொறக்கல” என்றார். அதோடு விட்டாரா? செங்கம் மண்டியில் ஒரு வியாபாரியிடம் விசாரித்திருக்கிறார். அவர் பொடி வெள்ளைக் காராமணியைக் காட்டி, இது தூத்துக்குடி போய் அங்கிருந்து கப்பலில் ஏறுகிற சரக்கு என்று சொல்லியிருக்கிறார். கப்பலில் ஏறுகிறது என்றால் கடற்படைதானே. ஒரு மூட்டை வந்து இறங்கியது. கடை வாசலில் கரும்பலகையில் ‘கடற்படை பீன்ஸ் கிடைக்கும், சுகருக்கு மிகவும் நல்லது’ என்று எழுதிவைத்தார். இப்போது மலையில் சுகர் உள்ளவர்கள், இல்லாதவர்கள், வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் எல்லோரும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். நான் போய், “மாமா, இது காராமணி” என்றால், “உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்மா. சித்தப்பாவே எழுதிக்கீறாரு, அவரு பொய் சொல்லுவாரா?” என்று உங்களைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார். அட்டையில் உள்ள மற்றதைத் தேடி நான்தான் தினமும் மலையில் ஊர் ஊராக நடக்கிறேன்.

சரி, காராமணியோ கடற்படையோ, அளவாகச் சாப்பிட்டால் நல்லதுதானே என்று பார்த்தால், அளவு ‘அரை கப்’. எங்கள் வீட்டில் டம்ளர் உண்டு, சொம்பு உண்டு, படி உண்டு. கப் என்று சொல்லப்படுவது ஒன்றே ஒன்றுதான். அது டிவிக்கு மேலே இருக்கிறது. பொங்கலுக்கு உங்கள் மாப்பிள்ளையின் வாலிபால் டீம் ஜெயித்து வாங்கிய கப், இரண்டு பக்கமும் காது வைத்தது. மாமியார் அதை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பாதிவரைக்கும் வெந்த பயறை நிரப்பி என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். ஐந்து பேர் சாப்பிடுவார்கள். நான் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டேன். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று மாமனார் தன் சோற்றின் மேல் கவிழ்த்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு மேலாக இதுதான் நடக்கிறது. பயறு சாப்பிட்ட அன்றைக்குப் பாப்பா ராத்திரி அழுதால் அதற்கும் நான்தான் காரணம். “பால் குடுக்குறவ பயறு துன்னா கொழந்தைக்கு வாயு புடிக்காதா?” என்று கேட்டுக்கொண்டே மாமியார் பூண்டும் பெருங்காயமும் அள்ளிப் போடுகிறார். வேண்டாம் என்று எழுந்தால், “சுகருக்கு நல்லதாச்சே, துன்னு” என்று அவரேதான் உட்கார வைக்கிறார். நான் எந்த மாமியார் பேச்சைக் கேட்பது?

இதற்கெல்லாம் மேல், நேற்றுத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அட்டையில் ‘பீன்ஸில் மாவுச்சத்து உண்டு, அளவாக உண்ணவும்’ என்று இருந்ததல்லவா, அதைப் படித்துவிட்டு நான், பட்டதாரியாகிய நான், மூன்று மாதமாகப் பொரியலுக்குப் போடுகிற பச்சை பீன்ஸை எண்ணி எண்ணிப் பத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். இங்கிலீஷ்காரன் பீன்ஸ் என்றது காய்ந்த பயறுகளை. நாம் பீன்ஸ் என்பது காய்கறியை. காயை அளந்துவிட்டுக் கிழங்கை அள்ளிப் போட்டிருக்கிறோம் முதல் சில நாள். மாமனாரைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் எனக்கே திரும்பிவிட்டது.

ஆகவே சித்தப்பா, இந்த மூன்று மாதத்தில் நான் சரியாகச் சாப்பிட்டேனா, தப்பாகச் சாப்பிட்டேனா என்று எனக்கே தெரியாது. நாளைக்கு ஒரு நம்பர் வரப்போகிறது. மாத்திரை என்றால் போட்டுக்கொள்ளலாம், உயிருக்கு ஒன்றும் ஆகாது, பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடுகிற மாத்திரை உண்டு என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். புத்திக்குப் புரிகிறது. ஆனால் பாப்பா தூங்கும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். அவள் பத்தாவது எழுதும்போது எனக்கு நாற்பத்து மூன்று, அவள் கல்யாணத்தின்போது எத்தனையோ. அதுவரைக்கும் கண்ணும் காலும் நன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதனால் என் வேண்டுகோள் இது: அந்த இங்கிலீஷ் தாளை அப்படியே அனுப்புங்கள், நானே படித்துக்கொள்கிறேன். இனிமேல் தமிழில் எதுவும் அனுப்ப வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டால் எங்கள் வீட்டில் அது அரசாங்க உத்தரவு, எதிர்த்துப் பேச முடியாது.

அதிகம் எழுதிவிட்டேன். சித்திக்கு என் அன்பு. வெந்நீர் ஒத்தடத்தை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். பாப்பா சார்பில் இரண்டு பேருக்கும் எச்சில் முத்தம். உங்கள் ஆசி என் ரத்தத்தின் மேல் இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
சிவசங்கரி

பின்குறிப்பு: திங்கள், மதியம் மூன்று மணி, செங்கம் பஸ் ஸ்டாண்ட். கடிதத்தைப் போடுவதற்கு முன் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். எனக்கு ஆறு புள்ளி நாலு. மாத்திரை இல்லை. டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார், நான் அட்டையைக் கொடுத்தேன், நாலாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கிழங்கை விட்டதும், இரண்டு கரண்டி பயறும், உங்கள் அட்டையில் உள்ளதைத் தேடி மலை முழுக்க நடந்ததும்தான் காரணமாக இருக்கும் என்றார்.

ஆனால் விஷயம் அது இல்லை. எங்கள் மாமனார் பெயர் சின்னக்குழந்தை என்பது கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். என்னோடு துணைக்கு வந்தவர், சீட்டு எழுதுகிற இடத்தில், கூட வந்தவர் என்று சொல்லாமல் நோயாளி என்றே தன் பெயரையும் கொடுத்துவிட்டார். நர்ஸ் வந்து, “சின்னக்குழந்தைக்கு சுகர் பாக்கணும், குடுங்க” என்று என் மடியிலிருந்த பாப்பாவின் விரலைப் பிடித்துவிட்டார். நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு, “ஒம்பது மாசம்தாங்க ஆவுது” என்று கிட்டத்தட்ட அழுதேவிட்டேன். “சீட்டுல போட்டுக்குதே” என்றார் அவர். அப்போது மாமனார் எழுந்தார். “அந்தச் சின்னக்குழந்தை நான்தாம்மா. கொழந்தையை வுடு. எனக்கு இன்னா சுகரு? இந்தா, நல்லாக் குத்திப் பாத்துக்கோ” என்று விரலை நீட்டினார். முந்நூற்றுப் பதினெட்டு.

“மெஷின் ரிப்பேரும்மா” என்றார். இன்னொரு மெஷினில் முந்நூற்று இருபத்தைந்து. டாக்டர் அவரையும் உட்கார வைத்து, “பயறு நல்லதுதான் பெரியவரே. சோத்தை எடுத்துட்டு அந்த இடத்துல பயறு வெக்கணும். நீங்க சோத்து மேல பயறு வெச்சிருக்கீங்க” என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பாப்பாவின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “ஏம்மா, சாமைச் சோறு எவ்ளோ துன்னலாம்? கெழங்கு சுத்தமா கூடாதா?” என்று கேட்கிறார். நான் சொன்னால் கேட்பவர் இல்லை, இங்கிலீஷும் தெரியாது. அதனால் இங்கிலீஷ் தாள் மட்டும் போதாது. தமிழிலேயே, பெரிய எழுத்தில், லேமினேஷன் செய்து, உங்கள் பெயரும் போட்டு அனுப்புங்கள். அச்சடிக்கும் முன் எனக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். ரோஜாப்பூ வேண்டாம் சித்தப்பா, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.